கைவினையும் கைம்மாறும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் குற்றாலத்தில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் உரையின் தலைப்பைக் கண்ட அன்பர் ஒருவர் தென்காசிக் கோயில் வாசலில் என்னை நிறுத்தி, "ஐயா, கவிதையும் கைம்மாறும் என்பதைத்தான் அச்சகத்தார் கைவினை என்று கோத்துவிட்டார்களோ?" என்று கேட்டார். அச்சகத்தார்மேல் குற்றம் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நான், இன்று ஒரு பட்டுக் கயிற்றைப் பற்றியும் ஒரு கோரைப் பாயைப் பற்றியும் பேசுவதற்கென்றே வந்திருக்கிறேன். கயிறு என் கழுத்தில் மூக்குக் கண்ணாடியோடு தொங்குகிறது. பாய் அதோ மேசைமேல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

கயிற்றிலிருந்து தொடங்குகிறேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது ஜப்பான் நாட்டில் பணிபுரிகிறார். ஈராண்டுகளுக்கு முன் அவரிடமிருந்து எனக்கொரு சிறு பெட்டி அஞ்சலில் வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே வண்ணத் தாளும் இல்லை, ஒட்டுநாடாவும் இல்லை. நீல நிறப் பருத்தித் துணியொன்றை நாற்புறமும் மடித்து, உச்சியில் முடிச்சிட்ட ஒரு மூட்டை இருந்தது. நம் ஊரில் நடவுக்குப் போகிறவர்கள் சோற்றுப் பாத்திரத்தைத் துண்டில் கட்டிக்கொண்டு போவார்களே, அசல் அந்த மூட்டைதான். அவிழ்த்தால், உள்ளே இந்தக் கண்ணாடிக் கயிறும், பட்டுத் துணியை மடித்து மடித்துச் செய்த கூந்தற்பூ ஒன்றும் இருந்தன. பூ, என் துணைவியார்க்கு. அறுபது வயதில் பட்டுப்பூவைத் தலையில் சூட அவருக்குக் கூச்சம். பூசை அறையில் முருகன் படத்துக்குச் சாத்திவிட்டார். மூட்டை கட்டிய துணியையோ அன்று முதல் கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டுபோக வைத்துக்கொண்டார்.

அந்தத் துணியும் பரிசில் ஒரு பாதி என்பது, மாணவர் எழுதிய கடிதத்தைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது. ஃபுரோஷிகி என்பது அதன் பெயர். முற்காலத்தில் பொதுக் குளியலிடங்களில் உடைகளைக் கட்டிவைக்கப் பயன்பட்ட துணி, பிற்காலத்தில் எதனையும் கட்டி எடுத்துச் செல்லும் துணியாயிற்று. கொடுப்பதை மூடாமல் கொடுப்பது அந்நாட்டில் பண்பாகாது. பணமே கொடுத்தாலும் உறையில் இட்டு, உறையின்மேல் மிசுஹிகி என்னும் முறுக்குத் தாள் கயிற்றால் முடிச்சிட்டே கொடுப்பார்கள். அம்முடிச்சிலும் இலக்கணம் உண்டு. மீண்டும் மீண்டும் நிகழலாம் என்று வாழ்த்தத்தக்க நிகழ்ச்சிகளுக்கு எளிதில் அவிழும் முடிச்சு. திருமணம்போல் ஒருமுறையே நிகழவேண்டியவற்றுக்கு அவிழாத முடிச்சு. நமது மூன்று முடிச்சை நினைவூட்டுகிறதல்லவா? மாணவர் முதலில் என் துணைவியார்க்கு மரச்சீப்பு வாங்கத்தான் கடைக்குப் போனாராம். சீப்புக்கு அவர்கள் மொழியில் 'குஷி' என்று பெயர். 'கு' துன்பத்தையும் 'ஷி' சாவையும் குறிக்கும் ஒலிகள் ஆதலால், அதைப் பரிசாகக் கொடுக்கச் சிலர் தயங்குவார்கள் என்று கேள்விப்பட்டுப் பூவுக்கு மாறியிருக்கிறார். கத்தியும் கத்தரிக்கோலும் பரிசாகத் தரலாகாது என்று நம் வீடுகளிலும் சொல்வதுண்டு.

ஜப்பான் என்றதும் ஏதோ எட்டாத் தொலைவு என்று நினைக்க வேண்டியதில்லை. நம் தென்காசி மாவட்டத்துக் கடையத்தில் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த பாரதியார், அதற்கு முன்பே 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். சிறு பாட்டில் பெரும் பொருளை அடக்கும் அவர்கள் கலையைத் தமிழர்க்கு எடுத்துச் சொன்னவர் அவர். கவிதையில் அவர் கண்ட சுருக்கத்தை நான் இக்கயிற்றில் கண்டேன்.

இந்தக் கயிற்றின் கலைக்குக் குமிஹிமோ என்று பெயர். பட்டிழைகளை மரக் குண்டுகளில் சுற்றி, வட்டமான ஒரு மரத் தாங்கியின்மேல் தொங்கவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் பின்னுகிறார்கள். பூத்தொடுப்பவர் கை ஓடுவதுபோல அவர்கள் கை ஓடுமாம். போர்வீரர்களின் கவசத் தகடுகளைக் கோக்கவும், வாளின் உறையை இடையில் கட்டவும் ஒரு காலத்தில் இக்கயிறு பெருமளவில் வேண்டியிருந்தது. 1876-இல் வாள் அணிந்து வெளியே செல்லலாகாது என்று அந்நாட்டு அரசு ஆணையிட்டது. வாளுக்குத் தடை வந்தால் வாட்கயிற்றுக்கு என்ன வேலை? அந்தத் தொழிலே அற்றுப் போயிருக்க வேண்டும். ஆனால் பின்னியவர்கள் பெண்களின் கிமோனோ உடையில் இடைக்கச்சின்மேல் கட்டும் அழகுக் கயிற்றின் பக்கம் திரும்பினார்கள். வீரனின் இடையிலிருந்து மங்கையின் இடைக்குக் கயிறு இடம் மாறியது, கை பிழைத்துக்கொண்டது. இன்று அதே கை, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவனின் மூக்குக் கண்ணாடிக்கும் கயிறு பின்னுகிறது.

என்னை வியக்க வைத்தது கயிற்றோடு இருந்த ஒரு சிறு சீட்டு. அதில் ஈகா என்னும் ஊரின் பெயரும், பின்னியவரின் பெயரும், அவரது சிவப்பு முத்திரையும், மரபுக் கைவினைப் பொருள் என்பதற்கான அரசின் சின்னமும் இருந்தன. இவற்றின் பின்னே ஒரு வரலாறு உண்டு. யனாகி சோயெட்சு என்னும் அறிஞர் 1925-ஆம் ஆண்டளவில் தம் நண்பர்களோடு சேர்ந்து மிங்கெய் என்னும் சொல்லைப் படைத்தார். மக்களின் கைவினை என்பது அதன் பொருள். அரண்மனையில் இருக்கும் பொருளைவிட, அடுக்களையிலும் வயலிலும் நாள்தோறும் புழங்கும் பொருளிலேயே உண்மை அழகு குடிகொண்டிருக்கிறது என்பது அவர் கொள்கை. இத்தகைய பொருள்களுக்கென்றே 1936-இல் தோக்கியோவில் ஒரு காட்சியகத்தையும் நிறுவினார். பெயர் தெரியாத கைவினைஞனின் தன்முனைப்பற்ற உழைப்பையே அவர் போற்றினார். பெயர் பொறிக்காமை ஒரு குறையாக அவருக்குப் படவில்லை. அதுவே அப்பொருளின் உயர்வு என்றார்.

ஆனால் அந்நாட்டு அரசு வேறொரு வழியில் சென்றது. 1950-இல் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் வந்தது. அதன்வழியே 1955 முதல், அரிய கைத்திறன் உடையவர்களை ஆளாகவே அறிந்து, பெயர் சொல்லிப் போற்றலாயினர். உயிருள்ள நாட்டுச் செல்வங்கள் என்று மக்கள் அவர்களை அழைக்கிறார்கள். யனாகியின் நண்பர்களான குயவர் இருவருள் ஹமாதா ஷோஜி அப்பட்டத்தை ஏற்றார்; கவாய் கஞ்சிரோ வேண்டாம் என்று மறுத்துவிட்டார். இருவருமே பெருமக்கள். பெயரை மறுக்கும் உரிமை பெயர் உடையவனுக்கே உண்டு என்பதைமட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். பின்னர் 1974-இல் மரபுக் கைவினைத் தொழில்களுக்கென்று தனிச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். பொருள் அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருத்தல் வேண்டும். முதன்மையான வேலை கையால் நடைபெற வேண்டும். நுட்பமும் மூலப்பொருளும் வழிவழி வந்தவையாக இருத்தல் வேண்டும். ஒருவர் இருவராக இன்றி, ஒரு வட்டாரத்தில் ஒரு கூட்டமாகவே செய்வோர் இருத்தல் வேண்டும். இவற்றுக்கு உட்பட்டால்தான் அச்சின்னம் கிடைக்கும். இவ்வளவும் இருந்தும் அங்கும் எல்லாம் செழிப்பாக இருப்பதாக எண்ணிவிட வேண்டா. பிள்ளைகள் தொழிலுக்கு வருவதில்லை என்ற பெருமூச்சு அங்கும் கேட்கிறது. அவர்கள் வீட்டுத் தரையில் பதிக்கும் ததாமிப் பாய்க்கான இகுசாப் புல்லும் பெரும்பங்கு சீனத்திலிருந்தே வந்திறங்குகிறது.

நம்மிடம் இவ்வுணர்வு இல்லையா என்றால், இதோ இந்த அருவிக்கரையிலேயே விடை இருக்கிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், குறி சொல்லிப் பரிசு பெற்று வந்த சிங்கியைச் சிங்கன் காணும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். அவள் காலில் பூண்டிருக்கும் அணிகளைப் பார்த்து அவன் மருள்கிறான். ஒன்று விரியன் பாம்பாகத் தெரிகிறது. ஒன்று நாங்கூழ்ப் புழுவாக நெளிகிறது. ஒன்று செத்த தவளையாகக் கிடக்கிறது. அவளோ சற்றும் அசையாமல், இது சேலத்து நாட்டில் பெற்ற சிலம்பு, இது பாண்டியன் மகள் இட்ட பாடகம், இது குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் தந்த கெச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் ஊரும் பேரும் சொல்கிறாள். இதனை நகைச்சுவை என்றே நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவந்தேன். கயிற்றோடு வந்த சீட்டைக் கண்ட பிறகே, சிங்கி தன் அணிகளின் வரலாற்றை அல்லவா ஒப்பிக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. எந்த நாட்டில் கிடைத்தது, யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்ற மூன்றும் அவள் நாவில் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்று. சிலம்பை வார்த்தவன் பெயர் இல்லை.

சங்க இலக்கியத்திலும் இதே கதைதான். பொற்கொல்லனாரும் அறுவை வாணிகனாரும் புலவர்களாக நமக்குப் பெயரோடு கிடைக்கிறார்கள், பாட்டெழுதியதால் கிடைக்கிறார்கள். தங்கால் பொற்கொல்லனார் செய்த நகை எது என்று யாருக்குத் தெரியும்? மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை ஈராயிரம் ஆண்டாகப் பாடுகிறோம். அந்தப் போர்வையை நெய்தவன் எந்த ஊர், யார் மகன்? (ஒருவன் அரும்பாடுபட்டு நெய்த துணி, குளிருக்கு நடுங்காத ஒரு பறவையின்மேல் போய் விழுந்ததே என்று அவன் வீட்டார் வருந்தியும் இருக்கலாம்.)

இப்பொழுது பாய்க்கு வருகிறேன். ஜப்பானில் பரிசு பெற்றவர் சும்மா இருத்தல் கூடாது. ஏறத்தாழப் பாதி மதிப்புக்காவது கைம்மாறு செய்ய வேண்டும் என்பது வழக்கம். நம் மொய்ந் நோட்டும் அதே அறத்தை வேறு கணக்கில் சொல்வதுதான். என் துணைவியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பிள்ளைக்கும் அவன் பெண்டாட்டிக்கும் பேர் போட்டு ஒரு பத்தமடைப் பாய் வாங்கி அனுப்புங்கள்." அவர் சொன்னதில் நியாயம் உண்டு. எங்கள் திருமணத்தின்போது அவர் வீட்டார் சீராகக் கொடுத்த பாய் இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது.

தென்காசியில் புகைவண்டி ஏறினேன். அந்த இருப்புப்பாதையே ஒரு கைவினைப் பொருட்காட்சி என்று சொல்லலாம். அம்பாசமுத்திரம் என்றால் மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய சொப்புச் சாமான். நம் வீட்டுப் பெண் குழந்தைகள் முதலில் சோறு பொங்கிய அடுப்பும் பானையும் அங்கிருந்து வந்தவையே. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை விளக்க வேண்டியதில்லை. வீரவநல்லூரில் தறி. காருகுறிச்சியில் மண்பாண்டம், அருணாசலம் அவர்களின் நாகசுரத்தால் அவ்வூரின் பெயர் காற்றிலும் நிலைத்தது. சேரன்மாதேவியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் சிறிது தொலைவில் பத்தமடை. சிவானந்த சுவாமிகள் 1887-இல் பிறந்த ஊர் அது. உலகமோ அவ்வூரைப் பாயால்தான் அறிகிறது. 1953-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் பரிசாகச் சென்றது என்று அவ்வூரில் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

பாய் நெய்பவர்கள் பெரும்பாலும் லெப்பைக் குடும்பத்தினர். அவருள்ளும் பெண்களே மிகுதி. நான் சென்ற வீட்டில் ஒரு மூதாட்டி முன்கூடத்தில் தறியில் இருந்தார். தறி என்றால் பெரிய அமைப்பெல்லாம் இல்லை. தரைக்குச் சற்று மேலே இரு மூங்கில் கழிகளுக்கு இடையே பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதன் குறுக்கே ஒரு பலகை. பலகைமேல் குந்தி அமர்ந்து, நீண்ட குச்சியில் ஒற்றைக் கோரையைக் கோத்து, பாவின் ஊடே செலுத்தி, அச்சால் இறுக்குகிறார்கள். பாய் வளர வளர, நெய்பவர் பலகையோடு முன்னே நகர்கிறார். தான் நெய்த பாயின்மேலேயே அவர் பயணம் செல்கிறார் என்று சொல்லத் தோன்றியது.

கோரையின் கதை இன்னும் நெடியது. தாமிரவருணிக் கரையில் விளைந்த கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, உலர்த்தி, கட்டாகக் கட்டி ஓடும் நீரில் சில நாள் ஊறவைக்கிறார்கள். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, மீண்டும் கிழிக்கிறார்கள். உள்ளிருக்கும் சோற்றி நீங்கி, நார்போல் மெல்லிய இழை வரும்வரை இது நடைபெறும். மரபுச் சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டையைக் கொதிக்கவைத்துச் சாயம் எடுத்தார்கள். முரட்டுப் பாய்க்குப் பாவு நூல் குறைவு. பட்டுப்பாய்க்கு நூற்றுக்கும் மேலே செல்லும் எண். அந்தப் பாயைப் பட்டுச் சேலைபோல் மடிக்கலாம் என்பது கட்டுக்கதை என்றே நினைத்திருந்தேன். என் கண்முன் மடித்துக் காட்டினார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. அந்த அம்மையார் விலை சொன்னார். நான் பேரம் பேசினேன். நெல்லைச் சீமையில் பிறந்தவனுக்குப் பேரம் பேசாமல் பொருள் வாங்கினால் உறக்கம் வராது. ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்டு, வென்றவன்போல் முன்பணம் கொடுத்தேன். "எத்தனை நாளில் கிடைக்கும் அம்மா?" என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார். கிழிக்க இத்தனை நாள், ஊறப்போட இத்தனை நாள், சாயத்துக்கு இத்தனை, பாவு கட்ட இத்தனை, நெய்ய ஒரு மாதத்துக்கு மேல், இடையில் மழை பெய்தால் கோரை காயாது, பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் தறி நிற்கும். அவர் எண்ணிக்கொண்டே போக, தமிழாசிரியனாகிய நான் மனத்துக்குள் கணக்கு வாத்தியாராகி வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளுக்கு வந்த தொகை, அன்று கட்டட வேலையில் சித்தாளுக்குக் கிடைக்கும் கூலியில் பாதிக்கும் கீழே நின்றது. அதிலிருந்துதான் நான் ஆயிரம் ரூபாயைப் பிடுங்கியிருக்கிறேன். அப்பொழுதாவது அதைத் திருப்பிக் கொடுத்தேனா என்றால், இல்லை. கொடுத்தால் முதலில் பேசிய பேரம் அசிங்கமாகிவிடுமே என்று வாய் அடைத்து வந்துவிட்டேன். மானம் என்பது சில நேரங்களில் எவ்வளவு மலிவான சரக்காக இருக்கிறது!

பாய் வந்தது, கடல் கடந்து சென்றது. மாணவரிடமிருந்து சில வாரங்களில் கடிதம். அவர் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான ஒரு முதியவர் விருந்துக்கு வந்திருக்கிறார். சுவரோரம் விரித்திருந்த பாயைக் கண்டதும், அனுமதி கேட்டு மண்டியிட்டு அமர்ந்து, முதலில் முகர்ந்து பார்த்தாராம். ததாமியின் மணத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். இகுசாப் புல் வேறு, நம் கோரை வேறு. ஆயினும் இரண்டும் நீரடியில் விளைந்த உறவுகள்தாமே. பிறகு பாயைப் புரட்டிப் பின்புறத்தைப் பார்த்தார். நான்கு மூலைகளையும் தடவித் தேடினார். நடுவில் நெய்திருந்த தமிழ் எழுத்துகளைக் காட்டி, "இது நெய்தவரின் பெயரா?" என்று கேட்டார். இல்லை, எங்கள் இருவர் பெயர் என்று மாணவர் சொல்லியிருக்கிறார். "அப்படியானால் நெய்தவர் யார்?" பத்தமடை என்றிருக்கிறார் மாணவர். "அது ஊர் அல்லவா?"

கடிதத்தின் கடைசி வரியில் மாணவர் என்னைக் கேட்டிருந்தார்: "ஐயா, அவர் பெயர் என்ன?"

நண்பர்களே, நான் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் அமர்ந்திருந்தேன். அவர் கொடுத்த தேநீரைக் குடித்தேன். கோரையின் சாதி, சாயத்தின் பெயர், பாவின் எண்ணிக்கை எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினேன். அவர் பெயரைக் கேட்கவில்லை.

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது பொய்யாகும். 1952-இல் அனைத்திந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் அவர்களின் உழைப்பால் அழிய இருந்த பல கலைகள் மூச்சு வாங்கின. 1965 முதல் கைவினைஞர்க்குத் தேசிய விருதுகள் வழங்கப்படுகின்றன. தமிழக அரசின் பூம்புகார் நிறுவனம் 1973-இல் தோன்றியது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. பத்தமடைப் பாய்க்கும் அக்குறியீடு கிடைத்திருக்கிறது. இவற்றை வரவேற்கிறேன். ஆனால் புவிசார் குறியீடு காப்பது ஊரின் பெயரை. வேறோர் ஊரில் நெய்து பத்தமடை என்று விற்பவனை அது தடுக்கலாம். பத்தமடையிலேயே அமர்ந்து, கண் பூத்து, முதுகு வளைந்து நெய்பவரிடம் ஆயிரம் ரூபாய் குறைக்கும் என்னைப் போன்றவனை எந்தச் சட்டம் தடுக்கும்? பிளாசுட்டிக் பாய் நூறு இருநூறுக்குக் கிடைக்கும்போது, பட்டுப்பாயை யாரும் படுக்க வாங்குவதில்லை. திருமணச் சீராகவும் பரிசாகவும்தான் அது இன்று உயிர்வாழ்கிறது. ஆகவே அதன் ஆயுள், பரிசு கொடுக்கும் நம் கையில் இருக்கிறது.

இவ்விடத்தில் நம் வட்டத்தைப் பற்றியும் சிறிது பேச வேண்டியிருக்கிறது, தலைவர் பொறுத்தருள்க. பத்தாண்டுகளில் நம் மேடைக்கு வந்த ஒவ்வொருவர்க்கும் நாம் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். பெயர்தான் பொன்னாடை. பொன்னும் இல்லை, ஆடையாக உடுத்தவும் முடியாது. விசைத்தறியில் ஓடிய செயற்கை இழை, சரிகை என்ற பெயரில் மினுமினுக்கும் நெகிழித்தாள். எனக்குப் போர்த்திய ஆறு பொன்னாடைகளில் இரண்டை நான் வேறு இருவர்க்குப் போர்த்தியிருக்கிறேன். அவற்றுள் ஒன்று மூன்றாம் ஆண்டில் மீண்டும் என் தோளுக்கே வந்து சேர்ந்தது. ஓரத்தில் என் வீட்டு மஞ்சள் கறை இருந்ததால் அடையாளம் கண்டேன். சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டு அலமாரியையும் நான் அறிவேன்.

ஆகவே செயலாளர் அவர்களிடம் எழுத்து வடிவில் ஒரு வேண்டுகோள் கொடுத்திருக்கிறேன். வரும் ஆண்டு முதல் பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஆகும் செலவில், நம் வட்டாரத்துக் கைவினைப் பொருள் ஒன்றை வழங்குவோம். பட்டுப்பாய் கட்டுப்படியாகாது என்றால் சிறு கோரைத் தடுக்கு, அம்பாசமுத்திரத்துச் சொப்பு, பனையோலைப் பெட்டி என எத்தனையோ உண்டு. பொருளோடு ஒரு சீட்டு இருக்க வேண்டும். அதில் ஊரும், செய்தவர் பெயரும் இருக்க வேண்டும். மேடையில் அதை வழங்கும்போது அப்பெயரை ஒலிபெருக்கியில் ஒருமுறை படிக்க வேண்டும். விலையில் பேரம் பேசலாகாது. அந்தப் பொறுப்பை என்னிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டா.

எஞ்சியதையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் கண்ட மறுவாரம் மீண்டும் பத்தமடைக்குச் சென்றேன். அந்த அம்மையார் அதே பலகையில், வேறொரு பாயில், ஏறத்தாழப் பாதி வழி நகர்ந்திருந்தார். குறைத்த ஆயிரத்தை முதலில் வைத்தேன். வாங்க மறுத்தார், "பேசுனது பேசுனதுதாங்கய்யா" என்றார். வேறொரு பாய்க்கு முன்பணமாக என்று சொன்ன பிறகே எடுத்துக்கொண்டார். பிறகு பெயரைக் கேட்டேன்.

"எம் பேரு எதுக்குங்கய்யா? பாய் எதும் பிரிஞ்சு போச்சா?"

பெயர் கேட்டால் அது குறை சொல்லவே என்று அவருக்கு அனுபவம் கற்பித்திருக்கிறது. ஜப்பானிய முதியவரின் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் குச்சியைச் செலுத்திக்கொண்டிருந்தார். அடுத்த பாயில் உங்கள் பெயரையே நெய்து தர வேண்டும் என்றேன். "கல்யாணப் பாயில புள்ளைக பேருதான் நடுவுல கெடக்கணும்" என்றார். இது திருமணப் பாயன்று. எங்கள் இலக்கிய வட்டத்துக்கு என்று விளக்கினேன். அப்படியும் நடுவில் போட அவர் உடன்படவில்லை. ஓரத்தில் என்றால் சரி என்றார். சிறிது பொறுத்து, "எங்க உம்மா பேரையும் சேத்துப் போட்டுக்கிடலாமா? கத்துக் குடுத்தது அவுகதான்" என்று கேட்டார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எத்தனையோ மணமக்களின் பெயர்களைக் கட்டம் போட்ட தாளைப் பார்த்து எழுத்து எழுத்தாக நெய்தவர். இம்முறை இரண்டு பெயர்களையும் கட்டத்தாளில் எழுதிக் கொடுத்தவள் எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி. பாட்டியின் பெயரை எழுதுவதில் அவள் ஒற்றுப்பிழை ஒன்று செய்தாள். நான் திருத்தினேன். ஓய்வுபெற்ற பின் நான் செய்த உருப்படியான தமிழ்ப்பணி அது ஒன்றுதான்.

அந்தப் பாய்தான் இந்த மேசைமேல் இருப்பது. பெயர்களை நான் ஒலிபெருக்கியில் இன்று சொல்லப்போவதில்லை. இடப்பக்க ஓரத்தில் மேலும் கீழுமாக இரண்டு வரிகளில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வந்து நீங்களே படித்துக்கொள்ளுங்கள். வெளியே சாரல் விடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள்.